புதுப் புல்தரையில் வெண்புழு: ஒன்ராறியோ வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ புல்விரிப்பு போட்டால், வேர் பிடிக்கும்வரை நாள்தோறும் தண்ணீர் விட்டே ஆகவேண்டும். முட்டையிட இடம் தேடி வண்டுகள் பறப்பதும் அதே வாரங்களில்தான். அந்த முட்டையிலிருந்து வந்து புல்லின் வேரைத் தின்பதுதான் வெண்புழு. வண்டின் முட்டை மண்ணிலுள்ள நீரை உறிஞ்சித்தான் பருக்கும். காய்ந்த மண்ணில் அது பிழைப்பது அரிது. அக்கம்பக்கத்து முற்றங்கள் வெயிலில் வறண்டு கிடக்க, தெருவிலேயே ஈரமான நிலம் உங்களுடையது என்றாகிவிடுகிறது. மார்க்கம், பிரம்ப்டன், எஜக்ஸ், மில்டன் என்று ரொறன்ரோவைச் சுற்றியுள்ள புதுக் குடியிருப்புகளில், முதல் கோடையில் பச்சையாக இருந்த தரை செப்டெம்பரில் மஞ்சளாகி, ஒக்டோபரில் புழுவைத் தேடி ரக்கூன் வந்து பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிவிட்டுப் போவதற்கு இது முக்கியமான காரணம்.

அதற்காகத் தண்ணீரை நிறுத்த முடியாது. நிறுத்தினால் புழு வருமுன்னே புல் செத்துவிடும். செய்யவேண்டியது வேறு: முட்டை பொரித்துப் புழு சிறிதாக இருக்கும் சில வாரங்களைத் தவறவிடாமல் பிடிப்பது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தச் சில வாரங்களைச் சுற்றியே எழுதப்பட்டது.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல், அழகுக்காகப் பராமரிக்கும் புல்தரையில் பெரும்பாலான செயற்கைப் பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை இருக்கிறது. ஆகவே வீட்டுக்காரர் கையிலுள்ள முதன்மையான ஆயுதம், வெண்புழுவின் உடலுக்குள் புகுந்து அதைக் கொல்லும் மிகச் சிறிய உயிருள்ள நூற்புழு. கடையில் நெமடோட் என்று கேட்க வேண்டும். சரியாக இட்டால் அது நன்றாகவே வேலை செய்யும். தவறாக இட்டால் காசைக் கரைத்து மண்ணில் ஊற்றியதாகத்தான் முடியும்.

எந்தப் புழு, எந்த மாதம்

வெண்புழு என்பது வண்டின் இளம்பருவம். உடல் வெள்ளை, தலை செம்பழுப்பு, முன்பக்கம் மூன்று சோடிக் கால்கள், ஆங்கில எழுத்து 'சி' போல வளைந்து கிடக்கும். தெற்கு ஒன்ராறியோவின் புல்தரைகளில் மூன்று வகை முக்கியம்.

ஐரோப்பிய சேஃபர் வண்டின் புழுதான் அதிகச் சேதம் செய்வது. வண்டு வெளிர்பழுப்பு நிறம். ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை, பொழுது சாயும் நேரத்தில் மரங்களைச் சுற்றிக் கூட்டமாக இரையும். முட்டை இரண்டு வாரம் அளவில் பொரிக்கும். புழு ஓகஸ்ட் முழுவதும் வளர்ந்து, செப்டெம்பரில் இறுதிப் பருவத்தை அடையும். இது குளிருக்கு அஞ்சாதது: தரை உறையும்வரை தின்னும், பனி உருகியதும் மற்ற வகைகளுக்கு முன்பாக மேலே வந்து மறுபடியும் தின்னும்.

ஜப்பான் வண்டு உலோகப் பச்சை உடலும் செம்பு நிறச் சிறகும் கொண்டது. 1916இல் நியூ ஜெர்சியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு வட அமெரிக்காவின் கிழக்கெங்கும் பரவியது. ஜூலை, ஓகஸ்டில் ரோஜா, திராட்சை இலைகளைச் சல்லடையாக்குவது இதுவே. இதன் புழு சேஃபர் புழுவைவிடச் சில வாரங்கள் பின்தங்கி வளரும்.

ஜூன் வண்டின் புழு பெரியது, 4 செ.மீ. வரை போகும். முட்டையிலிருந்து வண்டாக மூன்று ஆண்டு எடுப்பதால், எந்த மாதம் தோண்டினாலும் வெவ்வேறு அளவுகளில் கிடைக்கும். மற்ற இரண்டும் 2 முதல் 2.5 செ.மீ. அளவில் நின்றுவிடும்.

வகை பிரிக்க ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். புழுவின் வால் நுனியின் அடிப்பக்கத்தில் முட்போன்ற சிறு மயிர் வரிசைகள் இருக்கும். குறுகிய 'வி' (V) வடிவம் என்றால் ஜப்பான் வண்டு. இரண்டு வரிசையும் இணையாக ஓடி நுனியில் 'வை' (Y) போல விரிந்தால் சேஃபர். நீண்டு இணையாக ஓடி இரு முனையிலும் நெருங்கினால் ஜூன் வண்டு. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யுங்கள்; ஜூன் வண்டின் பெரிய புழுவுக்கு நூற்புழு அவ்வளவாக வேலை செய்யாது என்பதால், வகை தெரிந்தால் வீண்செலவு தவிரும்.

புழுதானா என்று முதலில் பாருங்கள்

பழைய தரையில் ஒரு எளிய சோதனை உண்டு: மஞ்சள் இடத்தில் புல்லைப் பிடித்து இழுக்க, வேரில்லாமல் கையோடு வந்தால் புழு. புதுத் தரையில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். போட்டு இரண்டு மூன்று வாரம் வரை எந்தப் புல்விரிப்பும் இழுத்தால் வரும், ஏனென்றால் அது இன்னும் கீழ்மண்ணில் வேர்விடவில்லை. போட்டு ஆறு வாரம் கடந்த பின்னும் தூக்கினால் சுலபமாக எழும்புகிறது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் அடியைப் பாருங்கள். வெள்ளை வேர்கள் இருந்தும் கீழே இறங்காமல் பக்கவாட்டில் ஓடியிருந்தால் குற்றம் மண்ணுடையது: வீடு கட்டிய இயந்திரங்கள் ஏறி இறுகிய களிமண்ணின் மேல் போதிய மேல்மண் போடாமல் விரித்திருப்பார்கள். வேர்கள் கத்தரித்தாற்போல் குட்டையாகி, மண் பொலபொலவென்று இருந்தால் அது புழு.

புழுவென்று தவறாக எண்ணப்படுபவை வேறும் இருக்கின்றன. விரிப்புச் சுருள்களின் (றோல்களின்) ஓரங்கள் மட்டும் நேர்கோட்டில் காய்ந்தால் அது இடைவெளியில் காற்றுப் புகுந்ததால் வந்தது. மேல்மண்ணை நிரப்பி ஈரமாக்கினால் பெரும்பாலும் தேறும். வட்டமாகக் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் நாயின் சிறுநீர். ஒரே இடம் எப்போதும் காய்ந்தால் தோண்டிப் பாருங்கள், கட்டடக் கல்லோ பலகையோ புதைந்திருக்கலாம்.

ஜூலை வெயிலில் திறந்த இடத்தில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகள் வந்து, புல் வேரோடு உறுதியாக நின்றால் புல்லின் சாற்றை உறிஞ்சும் சின்ச் பூச்சியா என்று பார்க்க வேண்டும். இருபுறமும் வெட்டிய தகர டின் ஒன்றைத் திட்டின் ஓரத்தில் 5 செ.மீ. அழுத்தி, தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் மட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ச் பூச்சி இருந்தால் மிதந்து மேலே வரும். வெண்புழு மிதக்காது.

எண்ணிப் பார்த்தல்

தேவையானவை: தட்டையான மண்வெட்டி, அளவு நாடா, ஒரு பழைய தட்டு. ஓகஸ்ட் நடுவில் ஒருமுறை, செப்டெம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

முழுவதும் செத்த இடத்தின் நடுவில் தோண்டாதீர்கள். அங்கே தின்ன ஒன்றும் இல்லாததால் புழு நகர்ந்திருக்கும். மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தைத் தேர்ந்தெடுங்கள். வெயில் நன்றாக விழும் இடங்கள், நடைபாதையோரம், தெருவிளக்குக் கம்பத்தடி ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து இடங்கள் போதும்.

வேர் பிடிக்காத விரிப்பை வெட்ட வேண்டியதே இல்லை. றோலின் பொருத்து ஓரத்தைக் கையால் 30 செ.மீ. வரை மெல்லத் திருப்புங்கள். வேர் பிடித்துவிட்டால் 30க்கு 30 செ.மீ. சதுரத்தின் மூன்று பக்கத்தை வெட்டி, நான்காவது பக்கத்தில் மடித்துத் திறவுங்கள். விரிப்பின் அடியைப் பார்த்து, பின் கீழ்மண்ணை 8 செ.மீ. ஆழம் வரை கையால் உதிர்த்து எண்ணுங்கள். புதுத் தரையில் விரிப்போடு வந்த மண்ணும் உங்கள் மண்ணும் சந்திக்கும் இடத்தில்தான் புழு கூடியிருக்கும். மேலே மட்டும் பார்த்தால் கணக்குப் பிசகும். முடிந்ததும் மூடி, காலால் அழுத்தி, அந்த இடத்துக்குத் தண்ணீர் விடுங்கள். எண்ணிக்கையையும் இடத்தையும் குறித்துவைத்தால் பிறகு ஒப்பிட உதவும்.

ஆழ வேரோடிய தரை, 30க்கு 30 செ.மீ. சதுரத்தில் ஐந்து சேஃபர் புழுவையோ பத்து ஜப்பான் வண்டுப் புழுவையோ தண்ணீர் கிடைத்தால் தாங்கிவிடும். முதலாண்டுத் தரைக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. சராசரி மூன்று நான்கு ஆனாலே மருந்திடுவது நல்லது என்பது எங்கள் கணிப்பு. ஒன்று இரண்டுதான் என்றால் விட்டுவிடுங்கள். எந்த நல்ல மண்ணிலும் அவ்வளவு இருக்கும்.

போட்ட மாதத்துக்கு ஏற்ற திட்டம்

*மே முதல் ஜூன் நடு வரை போட்டவர்கள்:* இந்தக் காலத்தில் கீழே கிடைக்கும் புழுக்கள் பெருத்தவை. சில வாரங்களில் தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாகப் போகின்றவை. பழைய தரையை அகற்றிப் புதிது போடுகிறீர்கள் என்றால், விரிக்குமுன் மண்ணை 10 செ.மீ. கிளறி, கண்ணில் படுவதைப் பொறுக்கிவிடுங்கள். அப்படிக் கிளறி ஒரு நாள் விட்டால் குருவிகளும் மைனா இனப் பறவைகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஜூலை தொடங்குவதற்குள் வேர் இறங்கிவிடும் என்பதால், அதற்குப் பின் தினமும் தெளிப்பதை நிறுத்தி, வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். மேல் இரண்டு அங்குலம் இடையிடையே காய்ந்தால் முட்டைகள் பல வீணாகும். மருந்து ஓகஸ்ட் கடைசியில்.

*ஜூன் நடு முதல் ஓகஸ்ட் வரை போட்டவர்கள்:* முழு ஆபத்துள்ள காலம் இது. முட்டை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, ஓகஸ்ட் 20 அளவில் எண்ணிப் பார்த்து, செப்டெம்பர் 15க்குள் நூற்புழு இட்டு முடிக்க வேண்டும்.

*செப்டெம்பர், ஒக்டோபரில் போடுகிறவர்கள்:* முட்டையிடும் காலம் முடிந்துவிட்டது; ஆனால் கீழ்மண்ணில் ஏற்கெனவே வளர்ந்த புழு இருக்கலாம். பழைய தரை புழுவால் அழிந்ததால்தான் புதிது போடுகிறீர்கள் என்றால், நேராக அதன் மேல் விரிப்பது புழுவுக்குப் புதுச் சாப்பாடு வைப்பதாகும். மண்ணைக் கிளறி, எண்ணி, தேவையென்றால் நனைத்த வெறும் மண்ணில் மாலையில் நூற்புழு இட்டு, உடனேயோ மறுநாள் வெயில் ஏறுமுன்னோ விரித்துவிடுங்கள். விரிப்பு வெயிலை மறைப்பதால் இது நல்ல முறை. மண் வெப்பம் 12 பாகை செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் அந்த ஆண்டுக்கு நூற்புழு பயனில்லை.

றோல்கள் வந்து இறங்கும்போதே நாலைந்தைத் திருப்பி அடியைப் பாருங்கள். பண்ணையில் விரிப்பை இரண்டு செ.மீ. தடிப்புக்குத்தான் சீவுகிறார்கள் என்பதால் புழு அதனோடு வருவது அபூர்வம். வந்தால் அந்த றோலை ஏற்காதீர்கள், திகதியோடு படம் எடுத்து வையுங்கள். உத்தரவாதக் கடிதங்களில் பூச்சிச் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் வாசிப்பது நல்லது.

நூற்புழு இடுதல்

வாங்கும்போது பார்க்க வேண்டிய பெயர் ஹெற்றரோராப்டிட்டிஸ் பாக்டீரியோஃபோரா. இது மண்ணுக்குள் நகர்ந்து தேடிப்போய்ப் புழுவைத் தாக்கும். ஸ்டைனர்னீமா கார்ப்போகாப்சே என்று மட்டும் எழுதியிருந்தால் வெண்புழுவுக்கு அதை வாங்காதீர்கள். அது மேற்பரப்பில் காத்திருந்து மேலே நடமாடும் கம்பளிப்புழு வகைகளைப் பிடிப்பது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விற்கும் கடையில், காலாவதித் திகதி பார்த்து, இடப்போகும் வாரத்திலேயே வாங்குங்கள். வீட்டில் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. காரின் பின்பெட்டியில் ஒரு மதியம் கிடந்தால் கதை முடிந்தது.

அளவு: சதுர மீட்டருக்கு 2.5 இலட்சம். 100 சதுர மீட்டருக்கு 25 மில்லியன். சதுர அடியில் சொன்னால் 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 23 மில்லியன். சில பொதிகள் இதைவிடக் குறைந்த அளவைப் பெரிய பரப்புக்குப் போதும் என்று சொல்லும். புழு கண்ட புதுத் தரையில் மேற்சொன்ன அளவைக் குறைக்காதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: முன்முற்றம் 6க்கு 8 மீட்டர், பின்வளவு 9க்கு 8 மீட்டர். மொத்தம் 120 சதுர மீட்டர், தேவை 30 மில்லியன்.

உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையைத் தவறவிடாதீர்கள். ஒரு சிட்டிகையைக் கறுப்புத் தட்டில் அறை வெப்பத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கழித்து உருப்பெருக்கியால் பாருங்கள். வளைந்து நெளிந்து அசைந்தால் உயிர் உண்டு. எல்லாம் நேராக, அசையாமல் கிடந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

படிகள்:

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். 5 செ.மீ. ஆழத்தில் மண் வெப்பம் 15க்கும் 28க்கும் இடையில் இருப்பது சிறந்தது. மழை வரும் நாள் மிக நல்லது. சூரியன் சாய்ந்த பின்தான் தொடங்க வேண்டும். வெயிலின் புறவூதாக் கதிர் இவற்றைச் சில நிமிடங்களில் கொல்லும்.

2. முதல்நாளே தண்ணீர் விடுங்கள். புதுத் தரைக்குத் தினமும் விடும் மேலோட்டமான நீர் இங்கே போதாது. விரிப்பின் மண்ணும் உங்கள் மண்ணும் சேருமிடத்தில் நீர் தேங்கி நிற்கும், கீழே 5 செ.மீ. தள்ளி மண் வறண்டிருக்கும். நூற்புழு மண்துகள்களுக்கு இடையிலுள்ள நீர்ப்படலத்தில்தான் நகரும். வறண்ட இடத்துக்கு அது போகாது. ஒரு ஓரத்தைத் தூக்கி, விரலைக் கீழ்மண்ணில் விட்டுப் பாருங்கள். 8 செ.மீ. வரை ஈரம் தட்ட வேண்டும், சேறாக இருக்கக் கூடாது.

3. இடும் அன்று மாலை 5 மி.மீ. அளவு மறுபடி நனையுங்கள். வெறும் ட்யூனா டின்களைத் தரையில் வைத்தால் எத்தனை மி.மீ. விழுந்தது என்று தெரிந்துவிடும்.

4. பொதியை முழுவதுமாக 5 லீட்டர் அறை வெப்பத் தண்ணீரில் கரையுங்கள். பாதியை அடுத்த மாதத்துக்கு வைக்க நினைக்காதீர்கள், திறந்தது கெடும். ஐந்து நிமிடம் ஊறவிட்டு நன்றாகக் கலக்குங்கள்.

5. பூவாளியால் ஊற்றினால்: மேற்சொன்ன 120 சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு பூவாளி. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 415 மி.லீ. கரைசல், மீதி தண்ணீர், மொத்தம் 10 லீட்டர். ஒரு பூவாளி 10 சதுர மீட்டர். கரைசலை ஒவ்வொரு முறை எடுக்குமுன்னும் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் நூற்புழுக்கள் அடியில் படிந்து, முதல் பத்துப் பூவாளியும் வெறும் தண்ணீராகப் போகும்.

6. குழாயில் பொருத்தும் தெளிப்பானால் தெளித்தால்: உள்ளே இருக்கும் வலைச்சல்லடையைக் கட்டாயம் கழற்றுங்கள். அடைபடுவது அங்கேதான். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ முன்பு ஊற்றிய தெளிப்பானைப் பயன்படுத்த வேண்டாம்.

7. நீளவாட்டில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை என்று பாதிப் பாதியாக இட்டால் இடைவெளி விழாது. நடைபாதை ஓரங்களிலும் றோல் பொருத்துகளிலும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள்.

8. இலையில் ஒட்டியது காய்வதற்குள், அதாவது உடனடியாக, 6 முதல் 10 மி.மீ. தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்குங்கள்.

9. அடுத்த இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுத் தரைக்கு எப்படியும் இந்த நீர் தேவை என்பது இங்கே ஒரு வசதி. உங்கள் நகரசபையில் கோடை நீர்க்கட்டுப்பாடு இருந்தால், புதுப் புல்லுக்கு விலக்கு அனுமதி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கோ வளர்ப்பு விலங்குகளுக்கோ மண்புழுவுக்கோ இதனால் தீங்கு இல்லை. தரை காய்ந்ததும் விளையாட விடலாம், ஆனால் வேர் பிடிக்காத தரையில் ஓடுவதே வேருக்குக் கெடுதல்.

புழுவின் உடலுக்குள் புகும் நூற்புழு தன் குடலிலுள்ள பாக்டீரியாவை அங்கே விடும். இரண்டு மூன்று நாளில் வெண்புழு சாகும். செத்த புழு செங்கல் நிறமாகித் தொளதொளத்துக் கிடக்கும். அதனுள்ளே பெருகும் அடுத்த தலைமுறை வெளியே வந்து மற்றப் புழுக்களைத் தேடும். பத்துப் பதினான்கு நாள் கழித்து முன்பு எண்ணிய இடங்களுக்குப் பக்கத்தில் எண்ணுங்கள். செத்த புழு விரைவில் அழுகிவிடுவதால் செங்கல் நிறத்தை மட்டும் தேடாதீர்கள், உயிருள்ளவற்றின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் குறைந்தால் வேலை நடக்கிறது. குறையவில்லை, மண்ணும் இன்னும் 15 பாகைக்கு மேல் என்றால் முழு அளவில் மறுமுறை இடுங்கள்.

ஏன் பலிக்காமல் போகிறது

காலம் தவறுவதே முதல் காரணம். ஏப்ரலில் பனி உருகி மஞ்சள் திட்டுகளைக் கண்டதும் ஓடிப்போய் வாங்கி ஊற்றுகிறார்கள். அப்போது மண் குளிர்ந்திருக்கும், புழு முழு வளர்ச்சியில் இருக்கும். இளவேனிலில் இட்டே தீரவேண்டும் என்றால் மண் 12 பாகையைத் தாண்டிய மே நடுப்பகுதி வரை பொறுங்கள். பயன் பின்கோடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்தது இறுகிய களிமண். பழைய தரையில் மண்ணில் துளையெடுக்கும் இயந்திரத்தை ஓட்டிவிட்டு இடலாம். முதல் பருவத்தில் அதைச் செய்தால் விரிப்பே கிழிந்து மேலே வரும். பதிலாகத் தண்ணீரை ஒரேயடியாக விடாமல் இருபது நிமிடம் விட்டு, அரைமணி நேரம் நிறுத்தி, மறுபடி விடுங்கள். களிமண் மெல்ல உறிஞ்சும். இயந்திரம் அடுத்த ஆண்டு.

நூற்புழு இடுவதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உரம் போடாதீர்கள். செறிந்த உப்பு அவற்றுக்கு ஆகாது.

மற்ற மருந்துகள்

பாசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் கலரியே வகை, குருணையாக விற்கப்படுவது, வண்டுப் புழுவுக்கு வேலை செய்யும். புழு அதைத் தின்ன வேண்டும் என்பதால் சிறிய புழுக்கள் சுறுசுறுப்பாகத் தின்னும் ஓகஸ்டில் இட்டு, 12 மி.மீ. தண்ணீரில் கரைத்து இறக்க வேண்டும். அதே பாக்டீரியாவின் குர்ஸ்டாக்கி வகை முட்டைக்கோஸ்ப் புழுவுக்கானது, இங்கே பயனில்லை. பெயரின் கடைசிச் சொல்லைப் பார்த்து வாங்குங்கள்.

பஃபலோ, டிட்ரோய்ட் பக்கம் போய்வரும்போது அங்கே கிடைக்கும் புழுக்கொல்லிக் குருணையை வாங்கி வருவது சிலரின் வழக்கம். செய்யாதீர்கள். கனடாவில் பதிவான பூச்சிக்கொல்லியின் லேபிளில் பி.சி.பி. (கனடாவின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழான) பதிவு எண் இருக்கும். அது இல்லாததை இங்கே பயன்படுத்துவது சட்டவிரோதம். நூற்புழுவுக்கு இந்தப் பதிவு தேவையில்லை என்பதால் அதற்கு இந்த எண் இருக்காது, அதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஆள் வைத்துத் தெளிப்பதாக இருந்தால் உரிமம் உள்ளவரை அழைத்து, இடும் பொருளின் பெயரையும் பதிவு எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் வெண்புழுவைக் கொல்லாது. நம்மவர்கள் நம்பிக்கையோடு ஊற்றும் வேப்பெண்ணெய்க் கரைசலும் போதிய அளவில் வேராழத்துக்குப் போய்ச் சேராது; இளம் புல்லைக் கருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஜப்பான் வண்டுக்கான மணப்பொறிகளை முற்றத்தில் தொங்கவிடாதீர்கள்: பொறி பிடிப்பதைவிட அதிகமான வண்டுகளை அது வரவழைக்கும்.

ரக்கூனும் ஸ்கங்க்கும்

கூம்பு வடிவச் சிறு குழிகள் ஸ்கங்க்கின் வேலை. விரிப்பையே புரட்டிப் போடுவது ரக்கூன். புழு குறையும்வரை அவை வருவதை நிறுத்தமாட்டா, ஆனால் விரிப்பைக் காப்பாற்றலாம். 2.5 செ.மீ. கண்ணுள்ள கோழிவலையைத் தரையோடு படிய விரித்து, 15 செ.மீ. கம்பி ஊசிகளால் அரை மீட்டருக்கு ஒன்றாகக் குத்திவிடுங்கள். புல் வலையூடாக வளரும். வெட்டும் இயந்திரம் ஓட்டுமுன் எடுத்துவிட வேண்டும். புரட்டிய விரிப்பை அன்று காலையே திருப்பிப் போட்டு, மிதித்து, நனைத்தால் பிழைக்கும். வெயிலில் ஒரு பகல் கிடந்தால் வேர் கருகிவிடும்.

சேதமான இடத்தைச் சீராக்குதல்

புழு எண்ணிக்கை குறையாமல் புது றோல் வாங்காதீர்கள். குறைந்த பின், செத்த விரிப்பை அகற்றி, கீழ்மண்ணை 5 முதல் 8 செ.மீ. கிளறி, நல்ல மேல்மண் சேர்த்து மட்டம் செய்யுங்கள். ஓகஸ்ட் நடு முதல் செப்டெம்பர் நடு வரை விதை தூவ ஏற்ற காலம். அதற்குப் பின் என்றால் றோல்தான். விதையாக இருந்தால் டோல் ஃபெஸ்க்யூ புல்லைச் சேர்த்துக்கொள்வதை நாங்கள் விரும்புகிறோம். ஒன்ராறியோவில் விற்கும் விரிப்புகள் பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், அதன் வேர் ஆழம் குறைவு. டோல் ஃபெஸ்க்யூ ஆழமாக வேர்விடுவதால் அதே எண்ணிக்கைப் புழுவை அதிகம் தாங்கும். இலை சற்று அகலம், நிறமும் சிறிது வேறுபடும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வேர் பாதி போன ஆனால் இன்னும் பச்சை தெரியும் இடங்களைத் தோண்டி எறியாதீர்கள். மிதித்து மண்ணோடு ஒட்டவைத்து, மூன்று வாரம் நாளுக்கு ஒருமுறை இலேசாக நீர் விட்டால், ஒக்டோபர்க் குளிரில் புல் வேரை மீட்டுக்கொள்ளும்.

அடுத்த கோடை

புல்லை 7 முதல் 8 செ.மீ. உயரத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். குட்டையான புல் வண்டுக்கு மண்ணை அடைய எளிது, வேரும் குட்டையாகும். வாரத்துக்கு மழையோடு சேர்த்து 25 மி.மீ. நீர் போதும், அதை ஒன்றிரண்டு தடவையில் கொடுங்கள். மே, ஜூன் இரவுகளில் வாசல் விளக்கை அணைத்துவைத்தால் வெளிச்சத்தை நாடும் ஜூன் வண்டுகள் குறையும். பொழுது சாயும் நேரம் பக்கத்து மரத்தில் சேஃபர் வண்டுகள் இரைவதைக் கண்டால் அந்தத் திகதியைக் குறித்து, அதிலிருந்து ஆறு வாரம் தள்ளி முதல் தோண்டலை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே வாரத்தில் இட்டால், பெரிய பொதியாக வாங்கலாம், செலவும் குறையும். வண்டு வேலி பார்த்துப் பறப்பதில்லை என்பதால் உங்கள் முற்றத்தை மட்டும் சுத்தமாக்கி அடுத்த ஓகஸ்டில் எண்ணாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டிலும் அந்த ஐந்து இடங்களைத் தோண்டிப் பாருங்கள்.